இருபத்து நான்கு சிவப்புக் கோடுகள்

1966 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. பனியும் ஆலைப்புகையும் ஒன்றாய்க் கலந்து, காலை ஒன்பது மணிவரை பம்பாயை விட்டு விலகவில்லை. மாட்டுங்கா நிலையத்தில் நின்றவர்களுக்கு எதிர் நடைமேடையில் நிற்பவர் முகம் தெரியவில்லை. அபயாம்பாள் சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, விக்டோரியா டெர்மினஸ் செல்லும் வண்டியின் பெண்கள் பெட்டியில் ஏறினாள். ஒன்பது ஆண்டுகளாக அதே வண்டி, அதே பெட்டி. அன்று மாலை திரும்பி வந்தபோதோ, தான் கையெழுத்திட்ட ஒரு கணக்கை வாழ்நாளில் முதன்முறையாகச் சந்தேகிப்பவளாக அவள் திரும்பி வந்தாள்.

அவள் பிறந்ததும் மாட்டுங்காவிலேதான். கணிதத்தில் பி.ஏ. முடித்த ஆண்டே மணமாயிற்று. இருபத்து மூன்றாம் வயதில் கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணி கொடுமைக்காரி அல்லள். ஆயினும், "உன்னை யார் அரிசி களையச் சொன்னா? நீ பாட்டுக்கு உக்காரு" என்று அவள் சொல்லும் அன்பிலேயே, 'இது உன் வீடன்று' என்னும் ஒலியும் சேர்ந்து கேட்கும். ஆகவே, கோட்டைப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கைப்பிடி சுற்றும் கணக்குப் பொறி ஒன்று வைக்கப்பட்டிருந்த மேசைதான் அவளுக்கென்று இவ்வுலகில் இருந்த இடம்.

அது ஜகந்நாதன் என்பவர் நடத்திய ஆலோசனை அலுவலகம். ஆலைகளும் கிடங்குகளும் அங்கே ஒரே வகையான கேள்வியைக் கொண்டுவரும்: எத்தனை வேண்டும்? எத்தனை லாரி, எத்தனை பாரந்தூக்கி, எத்தனை ஆள்? நேரில் நின்று பார்த்து விடை காண்பதென்றால் ஆண்டுக் கணக்காகும். எனவே, நடக்கப்போவதைத் தாளிலேயே நடத்திப் பார்ப்பார்கள். அலுவலகத்தில் அதற்குச் சிமுலேஷன் என்று பெயர். எந்த ஒழுங்கும் இல்லாத எண்கள் மட்டுமே பக்கம் பக்கமாக அச்சிடப்பட்ட தடித்த புத்தகம் ஒன்று உண்டு. அதிலிருந்து அபயாம்பாள், "ஏழு, மூணு, சைபர், ஒம்பது" என்று படிப்பாள். அந்த எண்ணைக் கொண்டு அடுத்த லாரி எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று முடிவு செய்து, எதிர் மேசையிலிருக்கும் வேங்கடசுப்ரமணியன் கட்டங்களில் எழுதுவார். அவர் மாட்டுங்காவில் அடுத்த தெருக்காரர்; அபயாம்பாளுக்கு மாமா முறை வைத்து அழைக்கும் பழக்கம். எழுதி முடிந்ததும் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து கூட்டிக் கழித்து விடை காண்பார்கள். இரண்டு விடைகளும் ஒத்துவிட்டால், 'சரிபார்க்கப்பட்டது' என்னும் முத்திரை விழும். கீழே இருவர் கையெழுத்தும் இருக்கும். அந்த முத்திரை விழுந்த கணக்கு மறுபடியும் எடுத்துப் பார்க்கப்பட்டதில்லை. அது அந்த அலுவலகத்தின் பெருமை.

அவ்வாண்டு அக்டோபரில் வந்த கேள்வி லாரியைப் பற்றியதன்று. தாராவியின் விளிம்பில் ஓர் அறநிலையம் பிரசவ விடுதி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. ஆறு கட்டில் போதுமா, பக்கத்து அறையையும் சேர்த்து எட்டாக்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. இடமில்லாமல் திரும்பிப் போகும் பெண்கள் நூற்றுக்கு மூவருக்கு மேற்படாவிட்டால் ஆறு போதும். பக்கத்து அறை பதிவு அறையாகிவிடும்.

அபயாம்பாளும் வேங்கடசுப்ரமணியனும் ஒரு மாதம் உழைத்து, மூன்று ஆண்டுப் பிரசவங்களைத் தாளில் நடத்தினார்கள். தாளுக்கு முப்பது வரியாக நாற்பது தாள். வரிக்கு ஒருத்தியாக ஆயிரத்து இருநூறு பெண்கள். கட்டில் கிடைக்காதவளின் வரியில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. முடிவில் எண்ணியபோது இருபத்து நான்கு கோடுகள் இருந்தன. நூற்றுக்கு இருவர். இந்த 'இரண்டு' எவ்வளவு உறுதியானது, வேறு எண்களை எடுத்து நடத்தியிருந்தால் எவ்வளவு ஏறியிறங்கியிருக்கும் என்பதை அளப்பதற்கும் ஒரு வழி இருந்தது. மாறுபாடு என்பார்கள். சூத்திரத்தில் ஆயிரத்து இருநூறை இட்டு வகுத்தார்கள். இரண்டு, கூடக் குறையச் சுமார் முக்கால் என்று வந்தது. மூன்றைத் தொடவில்லை. ஆறு கட்டில் போதும் என்று நவம்பர் இறுதியில் அறிக்கை சென்றது.

டிசம்பர் ஐந்தாம் நாள் பிற்பகல், அந்த நாற்பது தாள்களையும் கட்டி அலமாரியில் வைப்பதற்காக அபயாம்பாள் தரையில் வரிசையாகப் பரப்பியிருந்தாள். துடைப்பத்தோடு வந்து நின்றாள் தங்கத்தாய். அலுவலகத்தைப் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைப்பவள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து, தாராவியில் 'சால்' எனப்படும் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பவள். இரண்டாண்டுகளுக்கு முன், வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தவள். இப்போது மறுபடியும் மூன்றாம் மாதம். இந்த முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பெறுவது என்று கணவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"யம்மா, தரை பூரா கடுதாசியா விரிச்சுப் போட்டிருக்கிய. நான் பறந்துக்கிட்டா பெருக்க?"

"செத்த இரு, தங்கம். மிதிச்சுடாதே. மூணு வருஷம் கிடக்கு அதுலே."

"மூணு வருசமா? ஒரு மாசமால்லா எழுதுனிய! ஆபீசுல சம்பளத்த மூணு வருசத்துக்குக் கேளுங்க." சிரித்துக்கொண்டே குனிந்தவள், "இதென்ன, செவப்பா கோடு?" என்றாள்.

"கட்டில் கிடைக்காமத் திரும்பிப் போனவா."

தங்கத்தாய்க்கு எழுத்துத் தெரியாது, சிவப்பு தெரியும். தாள்களின் ஓரமாகவே நடந்து பார்த்தாள். "இதுல ஒண்ணும் இல்ல. இதுலயும் இல்ல. யாத்தே, இங்கன பாருங்க, எம்புட்டுப் பேரு! ஒரே எடத்துலல்லா கூடிக் கெடக்காளுவ."

"அது அப்படி விழுந்திருக்கு."

"விழாம? எங்க சால் கொழாயில மொத ஆளு கொடத்துக்கே தண்ணி நின்னுபோச்சுன்னா, பின்னால நிக்கவளுக்கு மட்டும் வருமாக்கும்? ஒருத்திக்கு இல்லன்னா அடுத்தவளுக்கும் இல்ல. இதுக்குக் காலேசுக்கா போவணும்?"

அவள் பெருக்கிவிட்டுப் போய்விட்டாள். அபயாம்பாள் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சூத்திரம் கேட்டது, ஒருவரையொருவர் அறியாத ஆயிரத்து இருநூறு சாட்சிகளை. இந்தத் தாள்களில் இருந்தவர்களோ, முன்னால் நிற்பவள் சொன்னதையே திருப்பிச் சொல்லும் சாட்சிகள். சிக்கலான பிரசவம் ஒன்று வந்து ஒருத்தி பதினைந்து நாள் கட்டிலில் கிடந்தால், அந்தப் பதினைந்து நாளும் பின்னால் வருபவர்கள் எல்லாரையும் அது பாதிக்கிறது. ஆயிரத்து இருநூறு வரி என்பது உண்மை. ஆயிரத்து இருநூறு தனிச் செய்தி என்பது பொய்.

மறுநாள் அவள் வரிகளை நூறு நூறாகப் பிரித்துப் பன்னிரண்டு கட்டுகளாக்கினாள். நூறு வரி என்பது ஏறக்குறைய மூன்று மாதம். ஒரு கட்டின் நெரிசல் அடுத்த கட்டுக்குள் அவ்வளவாகக் கசியாது. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் சிவப்பை எண்ணினாள். சுழி, சுழி, ஒன்று, சுழி, ஒன்பது, சுழி, சுழி, இரண்டு, சுழி, சுழி, பதினொன்று, ஒன்று. மொத்தம் அதே இருபத்து நான்குதான். ஆனால், பெண்கள் ஒருவரையொருவர் பாதிக்காதிருந்தால் இந்தக் கட்டுகளின் மாறுபாடு இரண்டுக்கு அருகில் இருந்திருக்க வேண்டும். பொறியின் கைப்பிடியைச் சுற்றி மும்முறை போட்டுப் பார்த்தாள். பதினான்கரை. ஏழு மடங்கு. அதன் வர்க்கமூலம் எடுத்தால், கூடக் குறைவது இரண்டரை மடங்குக்கு மேல். அப்படியானால், நூற்றுக்கு இருவர் என்ற விடை, கூடக் குறைய முக்கால் அன்று. கூடக் குறைய இரண்டுக்கும் மேல். உண்மை சுழிக்கு அருகிலும் இருக்கலாம், நான்கைத் தாண்டியும் இருக்கலாம். ஆறு கட்டில் போதும் என்றும் சொல்ல முடியாது. போதாது என்றும் சொல்ல முடியாது. தெரியாது என்பதே விடை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஜகந்நாதனின் அறைக்குள் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இதுல எந்த வரி தப்பு? காட்டு."

"வரி எதுவும் தப்பில்லை, சார்."

"கூட்டல்?"

"அதுவும் சரிதான். அந்த ரெண்டை எவ்வளவு தூரம் நம்பலாங்கறதுதான் தப்பாயிடுத்து. புஸ்தகத்துல வேற பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சிருந்தா நாலு வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். அபயம், அவா நம்மகிட்ட வந்தது ஆறா எட்டான்னு கேக்க. தெரியலைன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீஸ் எதுக்கு? போர்டை எடுத்துட்டு ஜோசியம் பாக்கலாம். ரெண்டு பேர் தனித்தனியாப் போட்டு ஒத்துப்போன கணக்கும்மா இது."

இருவரும் போட்டது அதே நாற்பது தாள்களை வைத்துக்கொண்டுதானே என்று அபயாம்பாள் சொல்ல நினைத்தாள். ஒரே கண்ணாடியில் இருவர் முகம் பார்த்தால், கண்ணாடியின் கோணல் இருவருக்கும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் அதற்குள் அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

மேசைக்குத் திரும்பியபோது வேங்கடசுப்ரமணியன் தலை நிமிராமலே பேசினார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"ரயில்வேயும் இதுவுமா முப்பத்தொரு வருஷம், அபயம். என் கையெழுத்துக்குக் கீழே ஒரு திருத்தம் வந்ததில்லை. மார்ச்சுல மாலையைப் போட்டு அனுப்பிடுவா. அதுக்கப்புறம் நீ எழுதிக்கோ, யார் வேண்டாங்கறா?"

"அதுக்குள்ளே பக்கத்து ரூமைப் பதிவு அறையாக்கிடுவா, மாமா."

"ஆறே போதும்னுகூட இருக்கலாமே? நீயேதானே சொல்றே, தெரியாதுன்னு."

கணக்கு தவறு என்று மெய்ப்பிக்க முடிந்திருந்தால் அவள் எதிர்த்து நின்றிருப்பாள். தெரியாது என்பதற்காக ஒருவர் எப்படிச் சண்டை பிடிப்பது?

இருந்தாலும் எழுதினாள். அறநிலையத்தின் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம். பன்னிரண்டு கட்டுகளின் எண்ணிக்கை. இரண்டு கட்டில் கூடுதலாக இருப்பதே நலம் என்று கடைசி வரி. உறையில் இட்டு, தபால்தலை ஒட்டிக் கைப்பையில் வைத்தாள். மாட்டுங்கா நிலையத்தின் வெளியே, படியிறங்கிப் பத்தடி நடந்தால் தபால்பெட்டி. அன்று போடவில்லை. நாளை என்று எண்ணினாள். ஜகந்நாதன் வேலையை விட்டு நீக்கினால் அண்ணன் வீட்டு ஜன்னலோரம்தான் கதி என்று எண்ணினாள். மாமாவின் முப்பத்தொரு ஆண்டுகளை எண்ணினாள். பொங்கல் போயிற்று, மார்ச்சு வந்தது, வேங்கடசுப்ரமணியனுக்கு ரோஜா மாலை போட்டுக் கல்யாண் நகரில் இருந்த மகன் வீட்டுக்கு வழியனுப்பினார்கள். கடிதத்தைப் போட இப்போது எந்தத் தடையும் இல்லை. ஆனால், மூன்று மாதம் பையில் வைத்திருந்ததற்கு விளக்கம் எழுத வேண்டுமே என்ற வெட்கம் புதிதாக வந்து சேர்ந்துகொண்டது. உறையின் மூலைகள் கறுத்து மடங்கின.

ஏப்ரலில் விடுதி திறந்தது. ஆறு கட்டில். மறுவாரமே தங்கத்தாய் ஓர் அட்டையை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் காட்டினாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

"பேரு பதிஞ்சாச்சும்மா. நம்பரு போட்டுக் குடுத்திருக்காவ. ஆனா இந்த அட்டைக்குக் கட்டில் உண்டுன்னு அர்த்தம் இல்லையாம். போற அன்னைக்குக் காலியா கெடந்தாத்தானாம். பெரிய ஆஸ்பத்திரியிலயும் ஒரு பேரு குடுத்து வைக்கட்டாங்காரு எங்க வீட்டுக்காரரு. அதுக்கு ரெண்டு நாளு லைன்ல நிக்கணும், ரெண்டு நாளு கூலி போவும். கணக்குப் போட்டது நீங்கதான. நீங்க சொல்லுங்க, எனக்குக் கட்டில் கெடைக்குமா?"

அபயாம்பாளின் கைப்பை அவள் மடியில் இருந்தது. 'பெரிய ஆஸ்பத்திரியிலும் பதிந்து வை' என்ற நான்கு சொற்கள் போதும். அவற்றைச் சொன்னால், "ஏம்மா, ஒங்க கணக்குதான முடிவாச்சு?" என்று தங்கத்தாய் கேட்பாள். ஜகந்நாதனின் அறைக் கதவு திறந்திருந்தது.

"கிடைக்கும், தங்கம்," என்றாள். "கவலைப்படாதே."

தங்கத்தாய் அட்டையை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் முகம் மலர்ந்ததை அபயாம்பாள் பார்த்தாள்; அந்த முகத்தைப் பிறகு அவளால் மறக்கவே முடிந்ததில்லை.

ஜூன் இருபத்தெட்டாம் நாள், புதன்கிழமை, விடியற்காலையிலிருந்தே மழை. தண்டவாளத்தில் நீர் ஏறி வண்டிகள் நின்றன. அபயாம்பாள் அலுவலகம் செல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அண்ணியோடு பயறு பொறுக்கினாள்.

ஒரு வாரம் கழித்து, தங்கத்தாயின் கணவன் இசக்கிமுத்து அலுவலகத்து வாசலில் வந்து நின்றான். டின் பெட்டி செய்யும் பட்டறையில் வேலை; கைவிரல்களில் வெட்டுத் தழும்புகள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஒங்ககிட்டச் சொல்லிட்டு வரச் சொன்னாம்மா. கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வரமாட்டா. தங்கச்சிக்காரிய அனுப்புதேன்."

"குழந்தை?"

"ஆம்பளப் புள்ள. அழவே இல்ல."

அபயாம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவன் மழைநீர் சொட்டும் குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"புதன்கெழம காலைல கூட்டிட்டுப் போனேன். நர்சம்மா 'ஜகா நஹி', எடமில்லன்னுட்டா. அவளையும் குத்தஞ் சொல்லக் கூடாது; ஆறு கட்டிலும் நெறஞ்சுதான் கெடந்துது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னா. டாக்சிக்காரன் ஒருத்தனும் அந்தத் தண்ணிக்குள்ள வரமாட்டேன்னுட்டான். கைவண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போனோம். போய்ச் சேர்ந்தா, பேரு பதியலியேன்னு வாசல்ல கொஞ்ச நேரம் ஆயிப்போச்சு." பிறகு, அவளைத் தேற்றுபவன்போல, "எங்க நேரம்மா. எங்களுக்கு முந்தி ரெண்டு நாளுல நாலு பேரத் திருப்பிட்டாவளாம். எங்களுக்குப் பொறவும் ரெண்டு பேரு. அதுக்கு முந்தின மாசம் பூரா கட்டிலு சும்மாதான் கெடந்துதாம்," என்றான்.

நான்கு, அப்புறம் இவள், அப்புறம் இரண்டு. வரிசையாக ஏழு சிவப்புக் கோடுகள் அபயாம்பாளின் கண்முன் நின்றன. அவன் படியிறங்கிப் போன பிறகும் அவள் கதவை விடவில்லை.

அன்று மாலை மாட்டுங்காவில் இறங்கியவள், நிலையத்துப் பலகையில் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். கடிதத்தில் டிசம்பர் என்றிருந்ததை அடித்தாள். அடித்தது தெரியும்படியே, பக்கத்தில் ஜூலை என்று எழுதினாள். விளக்கம் எதுவும் எழுதவில்லை. புது உறை வாங்கி, நேரே நடந்து பெட்டியில் போட்டாள். பத்தடிதான். ஏழு மாதமாக நடக்க முடியாதிருந்த பத்தடி.

அஞ்சியது எதுவும் நடக்கவில்லை. செயலாளர் நன்றி தெரிவித்து எழுதினார். தீபாவளிக்குள் பதிவு அறையைக் காலி செய்து இரண்டு கட்டில் போட்டார்கள். கடிதத்தின் நகல் ஜகந்நாதனுக்கும் வந்தது. அவர் அபயாம்பாளை அழைத்து, நெடுநேரம் அந்தப் பன்னிரண்டு எண்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவு நிச்சயமா இருந்தா, அன்னிக்கே மேஜையைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டாமோ?" என்றார். அவ்வளவுதான். வேலை போகவில்லை. அடுத்த ஆண்டு முதல் அலுவலகத் தாள்களில் கட்டு கட்டாகப் பிரித்து எண்ணுவதற்கென்று ஒரு பத்தி புதிதாக அச்சிடப்பட்டது. அது எப்படி வந்தது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள், ஒன்றும் நேராததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒன்றும் நேராத ஒன்றுக்கு அஞ்சியா வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்ற எண்ணம், வண்டியிலும் அடுப்படியிலும் அவளை விட்டுப் போகவில்லை.

தங்கத்தாய் திரும்பி வரவேயில்லை. அவள் தங்கைதான் பெருக்கினாள். அபயாம்பாள் 1968 பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அந்தத் தங்கையிடம் வழி கேட்டுக்கொண்டு தாராவிக்குப் போனாள். சாலின் கோடி அறை. வாசலில் நிழலில் உட்கார்ந்து தங்கத்தாய் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு இளைத்திருந்தது.

"வாங்கம்மா. இம்புட்டுத் தூரம் வந்திருக்கிய. உள்ள வெக்கையா இருக்கு, இங்கனயே இரிங்க." பலகையைத் துடைத்துப் போட்டாள். "சாயா போடட்டா? எங்க வீட்டுச் சாயா குடிப்பியளா?"

"குடிப்பேன்."

டம்ளர் கையில் ஆறிக்கொண்டிருக்க, அபயாம்பாள் எல்லாவற்றையும் சொன்னாள். தரையில் கிடந்த தாள்களில் தங்கத்தாய் பார்த்துச் சொன்னதைக் கொண்டே மறுநாள் கணக்கு மாறியதை, எழுதிய கடிதத்தை, அது பையில் கிடந்த மாதங்களை, மாமாவை, கதவு திறந்திருந்த அறையை. எதையும் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. தங்கத்தாய் உளுந்திலிருந்து கல்லைப் பொறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள். இடையில் ஒருமுறை, "எட்டுக் கட்டில் போட்டுட்டாவன்னு கேள்விப்பட்டேன்," என்றாள். "எதுத்த வீட்டுப் புள்ளைக்கு அங்கதான் பொறந்துது. பொம்பளப் புள்ள."

குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. தண்ணீர் இன்னும் வரவில்லை.

கடைசியில் அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கோபம் இல்லை முகத்தில். அபயாம்பாளோ கோபத்தைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தாள்.

"கணக்கெல்லாம் எனக்கு வெளங்காதும்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு அட்டையக் காட்டுனப்ப, கட்டில் கெடைக்கும்னு சொன்னிய. தெரிஞ்சுதான் சொன்னியளா?"

"இல்லை, தங்கம். எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறது அப்பவே தெரியும்."